பெங்களூர்த் தமிழர் சமையல் யாரைப் பார்த்துக் கற்றது?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 3

பெங்களூரில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழர் வீடுகள் சிலவற்றில் சாப்பிட்டுவிட்டேன். அங்கே தமிழ்ச் சாப்பாடு என்று ஒன்றும் இல்லை. கேழ்வரகுக் களி, அவரைக்காய்ச் சாறு, வெல்லம் போட்ட சாம்பார். எல்லாம் கன்னடர்களிடம் கற்றுக்கொண்டது. மொழி மட்டும் மிச்சம், அதுவும் பாதி. மறுப்பவர்கள் உண்டா?

ஜனவரி 3, இரவு

நான் மறுக்கிறேன். அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வழி குடியாத்தம் பக்கம், அம்மா வழி கோலார் தங்கவயல். இரண்டு வீட்டிலும் களிதான் அன்றாடச் சாப்பாடு. எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவர், கல்யாணமாகி ரயிலேறி இங்கே வரும்வரை கன்னடம் காதால் கேட்டதில்லை. களி கிண்டத் தெரிந்துதான் வந்தார். இதை யாரிடம் கற்றாய் என்று அவரைக் கேட்டிருந்தால் துடுப்பாலேயே ஒன்று வைத்திருப்பார்.

சோறு, சாம்பார், ரசம், அப்பளம்தான் தமிழ்ச் சாப்பாடு என்பது காவிரித் தண்ணீர் பாய்கிற ஊரின் கணக்கு. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் மேட்டு நிலம். ஏரி நிரம்பிய வருஷம் நெல் போடுவார்கள். நிரம்பாத வருஷம் கேழ்வரகு, கொள்ளு, மொச்சை, துவரை. நிரம்பாத வருஷங்களே அதிகம். அந்த மனிதர்களும் தமிழர்கள்தான், அவர்கள் தின்றதும் தமிழ்ச் சாப்பாடுதான்.

ஜனவரி 4

“சரி, அவரைக்காயாவது கன்னடர்களுடையது என்று ஒத்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முழுதாக ஒத்துக்கொள்ள முடியாது.

சென்னையில் அவரைக்காய் என்றால் நார் உரித்து நறுக்கிப் பொரியல் செய்வது. பெங்களூரில் அந்தப் பெயரில் விற்பது உள்ளே இருக்கும் கொட்டைக்காக. ஆயா ஊரில் அதுதான் பச்சை மொச்சை. மார்கழியில் பனி விழ விழத்தான் அதற்கு மணம் ஏறும். நல்ல காயைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பசை மாதிரி ஒன்று ஒட்டும். இங்கே அதற்குச் சொகடு என்று பெயர். ரஸ்ஸல் மார்க்கெட்டில் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அம்மா விலையே கேட்பார்.

பிதுக்குப் பருப்பு செய்வது வீட்டுக்கே ஒரு வேலை. ராத்திரி கொட்டையை ஊறப்போட்டுவிட்டு, காலையில் எல்லாரும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார வேண்டும். கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு அழுத்து. பருப்பு துள்ளித் தட்டில் விழும், தோல் கையில் நிற்கும். நாங்கள் சின்ன வயதில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மூக்கைக் குறிபார்த்து அடிப்போம். பெரியவர்கள் திட்டிக்கொண்டே அவர்களும் ஒன்று அடிப்பார்கள். தனியா, காய்ந்த மிளகாய், பூண்டு, பட்டை, கிராம்பு, கசகசா வறுத்துத் தேங்காயோடு அரைத்து, உருளைக்கிழங்கோ கத்திரிக்காயோ சேர்த்துக் குழம்பு. கறி எடுத்த நாளில் கறியோடு.

பக்கத்து வீட்டு கௌடர் அம்மா செய்யும் ஹிதகிதபேளே சாறும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் மாகடிக்காரர், ஆயா குடியாத்தத்துக்காரர். இரண்டு பேரும் அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். கோலாரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி பனி. செடியும் ஒன்றுதான்.

ஜனவரி 4, மாலை

வெல்லம் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. எங்கள் வீட்டுச் சாம்பாரில் வெல்லம் கிடையாது. எனக்குத் தெரிந்த அல்சூர், மர்ஃபி டவுன் வீடுகளிலும் கிடையாது. அது உடுப்பி ஹோட்டல் வழியாக ஊர் நாக்கில் ஏறியது. ஹோட்டல் சாம்பாரைத் தலையில் கட்டி எங்களை அளக்காதீர்கள்.

ஜனவரி 6

“பிழைக்க வந்த இடத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்” என்று எழுதியவருக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரிட்டிஷ் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அப்படி உருவானதுதான் கண்டோன்மென்ட். எங்கள் ஆட்கள் அதைத் தண்டு என்பார்கள். சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. படையோடு மதராஸ் மாகாணத்திலிருந்து சிப்பாய், சமையல்காரர், வண்ணார், தோட்டக்காரர், ஒப்பந்தக்காரர் எல்லாரும் வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இங்கே ரயில் ஓட ஆரம்பித்தது. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை, பெங்களூர். இந்த நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொன்னாலே கண்டோன்மென்ட் தமிழர்களில் பாதிப் பேரின் குடும்பக் கதை வந்துவிடும்.

1881-இல் மைசூர் ராஜ்ஜியத்தை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோதுகூட இந்தப் பகுதியைப் பிரிட்டிஷார் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று தனி நிர்வாகம். பழைய ஊரான பேட்டையும் தண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டு ஊராகவே வளர்ந்தன. 1947-இல்தான் இது மைசூரிடம் வந்தது, 1949-இல்தான் இரண்டு நகராட்சியும் ஒன்றாகின. தாத்தாவின் அப்பா ஒரு துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். இவர்கள் எந்த மாநிலத்துக்குப் பிழைக்கப் போனார்கள்? அப்போது அந்த மாதிரி மாநிலமே இல்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலக் கோடு போட்டார்கள். ஓசூர் அந்தப் பக்கம், கோலார் இந்தப் பக்கம். கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே எங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஜனவரி 8

இன்னொன்று. களி எங்கள் வீட்டில் எப்போதும் பெருமையாக இருந்ததில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதியதை மட்டும் விட்டால் படம் பாதிதான்.

மெட்ராஸிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் களிச்சட்டி கொல்லைப்புறம் போய்விடும். கடையில் கடன் சொல்லியாவது பொன்னி அரிசி வரும். பெரியம்மா பொரியல் இரண்டு, அப்பளம், பாயசம் என்று இலை போடுவார். ஆயா அந்த இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், உள்ளே போகாது. எல்லாரும் தூங்கின பிறகு கொல்லையில் உட்கார்ந்து ஆறிப்போன களியைக் கீரைக் கடையலில் தொட்டு விழுங்குவார். வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்பார்.

சோறு தின்பவர் வசதியானவர், களி தின்பவர் இல்லாதவர். இந்தக் கணக்கு வட ஆற்காட்டிலும் இருந்தது, மைசூர்ப் பக்கத்திலும் இருந்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு ராகி மாவு வழுவழுப்பான பாக்கெட்டில் வந்து மால் அலமாரியில் நிற்கிறது. நல்லதுதான், சந்தோஷம்தான். ஆனால் ஆயாவைக் கொல்லைக்கு அனுப்பிய வெட்கத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பெங்களூர்த் தமிழர்கள் வெளியில் தங்கள் சமையலைப் பற்றிப் பேசாமல் இருந்ததற்கு இந்த வெட்கம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பேசாமல் விட்டதை மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரில் அழைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 11

தர்மபுரி நண்பர் கேட்ட கேள்வி அருமை: “உங்கள் களியில் நொய் உண்டா?”

உண்டு. அப்பா வீட்டில் கைப்பிடி அரிசி நொய்யை முதலில் வேகவைத்து, அது குழையும்போது மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி வேகவிட்டு, அப்புறம்தான் கிண்டுவது. பிட்டுப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கௌடர் அம்மாவின் முத்தே, அதாவது கன்னட வீட்டுக் களி, அப்படி இல்லை. வெறும் மாவு, பளபளவென்று உருண்டை, ஒரு கட்டி இருக்காது. தங்கவயல் பாட்டி வீட்டில் இரண்டு விதமும் நடக்கும்.

சித்தூர்ப் பக்கம் ராகி சங்கட்டியில், அதாவது தெலுங்கு வீட்டுக் களியில், அரிசி போடுகிறார்கள். இது எதேச்சை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சித்தூரும் பலமனேரும் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன, சித்தூர்தான் மாவட்டத் தலைநகரமே. பேசுவது ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் தமிழ். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், எங்களுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. இன்றைக்கு மூன்று மாநிலமாகப் பிரித்துப் பேசுகிற இடத்தில் நொய் போட்டவர், போடாதவர் என்று வேறொரு பிரிவு ஓடுகிறது. அதை மாநில வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

ஜனவரி 15

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். நேற்று எங்கள் சந்தில் சங்கராந்தி தட்டுகள் பறந்தன. எள்ளு, வெல்லம், கொப்பரை, கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளு பெல்லாவும் கரும்புத் துண்டும் சர்க்கரை அச்சும் வந்தன. எங்கள் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கலும் மொச்சை போட்ட கூட்டுக் குழம்பும் போயின. என் மகள் இப்போது எள்ளு பெல்லா தட்டைத் தானே கலந்து எடுத்துப் போகிறாள். இதைக் கன்னடர்களிடம்தான் கற்றோம், கொண்டாட்டமாகக் கற்றோம். இது வேறு, களி வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஜனவரி 19

தங்கவயல் பற்றிக் கேட்டவர்களுக்கு. கேள்விகள் நிறைய, முடிந்தவரை எழுதுகிறேன்.

அம்மா சாம்பியன் ரீஃபில் ஒரு லைன் வீட்டில் பிறந்தவர். வரிசையாகக் குடிசை, ஒரே அறை, வாசலில் அடுப்பு. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்த பிறகு, வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள். ஊரில் பண்ணையாருக்குக் கைகட்டி நிற்பதைவிடப் பூமிக்குள் இறங்குவது மேல் என்று வந்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. கீழே கொதிக்கும் சூடு, எப்போது பாறை வெடிக்கும் என்று தெரியாது.

அம்மாவின் அப்பா இறங்கும் நாளில் காலையில் களியும் கொள்ளுக் கடையலும். களி வயிற்றில் நிற்கும், மேலே ஏறி வரும்வரை பசி எடுக்காது. சோறு தின்றுவிட்டு இறங்கினால் பாதி நேரத்தில் கை நடுங்கும் என்பார். அலுமினியத் தூக்கில் மோர் கலந்த கூழ் போகும். பாட்டி அதில் சின்ன வெங்காயம் தட்டிப் போடுவார். ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதினால் லைன் முழுக்க ஒரே நேரத்தில் அடுப்பு பற்றும். அம்மா அதை விவரிக்கும்போது வாசனையைத்தான் முதலில் சொல்வார்: வறட்டிப் புகை, பூண்டு, வறுத்த கொள்ளு.

அந்த லைன்களில்தான் படிப்பும் நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. இரவில் விளக்கு வைத்துப் பத்திரிகையை ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். “தங்கவயல் தமிழ் கெட்டுப்போன தமிழ்” என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். இன்று அங்கே சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. என் மாமன் பிள்ளைகள் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள், இரவு திரும்புகிறார்கள். டப்பாவில் இப்போது எலுமிச்சைச் சோறு. களி ரயிலில் காய்ந்துவிடும்.

ஜனவரி 20

நேற்று வேண்டுமென்றே ஒன்றைத் தனியாக வைத்தேன். உப்புக்கண்டம்.

மாட்டுக்கறியைக் கயிறு கயிறாக நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கொடியில் கட்டி வெயிலில் காயவைப்பது. காக்காய்க்குக் காவல் நான்தான் இருப்பேன், கோடை விடுமுறையில். நன்றாகக் காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் அதைத் தணலில் சுட்டு, அம்மியில் தட்டிப் பிய்த்து, மொச்சைக் குழம்பில் போடுவார் பாட்டி. களிக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் டப்பாவில் இதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக உட்காரச் சொன்னார்கள். அதிலிருந்து அம்மா எனக்குத் தயிர்சாதம்தான் கட்டினார். தமிழர் என்பதற்காக ஒதுக்கியவர்கள் வேறு, இதற்காக ஒதுக்கியவர்கள் வேறு. இரண்டாவது கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்துவதாக இருந்தபோது மாட்டுப் பிரியாணிக்கு இடமில்லை என்று தகராறாகி, கடைசியில் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். ஆம்பூரிலேயே இந்த நிலைமை என்றால், ஒரு பகுதியின் அடையாளம் என்று மேடையில் எதை வைக்கிறோம், எதைக் கொல்லைக்கு அனுப்புகிறோம் என்பது கன்னடர், தமிழர் சண்டையோடு முடிகிற விஷயமில்லை.

ஜனவரி 26

பிரியாணிச் சண்டையை இங்கே ஆரம்பித்தவர்களுக்குச் சுருக்கமாக. பெங்களூரின் தொன்னை பிரியாணி ஆம்பூர் பிரியாணியின் நகல் இல்லை. இரண்டிலும் சீரகச் சம்பாதான், அத்தோடு ஒற்றுமை முடிந்தது. ஆம்பூரில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். தொன்னையில் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்த பச்சை நிறம், கமுகு மட்டைத் தொன்னை, பக்கத்தில் சேர்வா. மிலிட்டரி ஹோட்டல் என்று சொல்லும் கறிச் சாப்பாட்டுக் கடைகளில் வளர்ந்தது. நான் இரண்டையும் தின்பேன். எது உசத்தி என்ற கேள்விக்கு என்னிடம் பதில் வாங்க முடியாது.

பிப்ரவரி 2

“இவ்வளவு பேசுகிறீர்கள், பெங்களூரில் ஒரு கடையிலாவது ‘தண்டுத் தமிழர் சமையல்’ என்று பலகை உண்டா” என்று முதலில் கேள்வி கேட்டவரே திரும்ப வந்து கேட்டிருக்கிறார். இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன்.

ஸ்ரீராம்புரத்தில் என் பெரியப்பாவுக்குச் சின்ன மெஸ் இருந்தது. காலையில் இட்லி, மத்தியானம் சோறும் களியும், ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி. பலகையில் தமிழும் கன்னடமும். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கலவரம் வந்தது. தமிழர்கள் இருந்த தெருக்களில் தீ. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், பல நாள் வீட்டை விட்டு வெளியே அனுப்பவில்லை. பெரியப்பா இரவோடு இரவாகப் பலகையைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது அதில் கன்னடம் மட்டும் இருந்தது. மெஸ் பெயரும் மாறியிருந்தது. கரும்பலகையில் களியை முத்தே என்றும் கீரைக் கடையலை மஸ்ஸொப்பு என்றும் சாக்கட்டியால் எழுதினார். உள்ளே அடுப்பில் மாறியது ஒன்றும் இல்லை, அதே பெரியம்மா, அதே துடுப்பு, அதே நொய். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கன்னடர்கள். யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை, பயம்தான் செய்தது.

சில வருஷம் கழித்து வந்து சாப்பிட்ட சென்னைக்காரர் ஒருவர் அவரிடம், “பரவாயில்லையே, கன்னடச் சாப்பாடு நன்றாகச் செய்கிறீர்கள்” என்றார். பெரியப்பா நன்றி சொல்லிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். முதல் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 3

மேலே எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் இதைக் கன்னடர்களைத் திட்டும் இடமாக மாற்றப் பார்க்கிறார்கள். வேண்டாம். 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்கள், 18 வருஷம் துணியால் மூடியே கிடந்த சிலை. அடுத்த சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. அன்றைக்குச் சந்தில் இனிப்பு கொடுத்தவர் கௌடர் அம்மாதான். 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்கள் எரிந்தபோது என்னை ஆபீஸிலிருந்து பைக்கில் ஏற்றி வீட்டில் விட்டவன் மண்டியாக்காரன். காவிரிக்கரைப் பையன்.

பிப்ரவரி 9

மேல்கோட்டை ஐயங்கார் குடும்பத்து வாசகர் எழுதியது மனசில் நிற்கிறது. “ராமானுஜர் காலத்திலிருந்து, 12-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே இருக்கிறோம், வீட்டில் தமிழ் பேசுகிறோம், ஆனால் எங்களைத் தமிழர் என்று இரண்டு பக்கமும் எண்ணுவதில்லை” என்கிறார்.

அவர் வீட்டுப் புளியோகரை கர்நாடகத்தின் பெருமை. பாக்கெட்டில் உலகமெல்லாம் போகிறது. அது தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தது என்று சொன்னால் யாருக்கும் உறுத்தவில்லை, சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. எங்கள் களிக்கும் உப்புக்கண்டத்துக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கோயில் மடப்பள்ளி வழியாக வந்த உணவுக்கு ஊர் கதவைத் திறக்கிறது, சுரங்க லைன் வழியாக வந்த உணவு சந்தில் நிற்கிறது. அவர் தவறு எதுவும் இதில் இல்லை. ஆனால் ‘பெங்களூர்த் தமிழர்’ என்று ஒரே சொல்லில் எங்கள் இருவரையும் அடக்கும்போது இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. அவரும் இதை ஒப்புக்கொண்டு பதில் போட்டிருக்கிறார், சந்தோஷம்.

பிப்ரவரி 16

நாங்கள் உண்மையிலேயே கன்னட வீடுகளிடமிருந்து வாங்கிக்கொண்டவற்றையும் எழுதிவிடுகிறேன். பஸ்ஸாரு: கீரையும் பருப்பும் வேகவைத்த தண்ணீரை வடித்துச் சாறு, வெந்ததைத் தாளித்துப் பல்யா, அதாவது பொரியல். ஒரே பானையில் இரண்டு பதார்த்தம், புத்திசாலித்தனமான சமையல். ஆயா இதைக் கௌடர் அம்மாவின் மாமியாரிடம் கற்றார், எழுபது வயதுவரை வாரம் ஒரு தரம் செய்தார். யுகாதிக்கு ஒப்பட்டும் (போளி) ஒப்பட்டுச் சாறும். பருப்பை அரைத்து ஆவியில் வேகவைக்கும் நுச்சினுண்டே. காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வரும் சௌசௌபாத்.

என் மாமியார் மன்னார்குடிக்காரர். கல்யாணமான புதிதில் களியைப் பார்த்து, “இது யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டார். இப்போது சர்க்கரை வந்தபின் இரவில் அவருக்குக் களி இல்லாமல் முடியாது. பஸ்ஸாருக்குச் சுண்டைக்காய் வற்றல் வறுத்துத் தொட்டுக்கொள்கிறார். எங்கள் சமையலறையில் இது மூன்றாவது வழி. அத்தை அதற்கு எந்த ஊர்ப் பெயரும் வைக்கவில்லை.

ஏப்ரல் 13

இழை அடங்கிப் போயிருந்தது. நேற்று இரவு கரகம் பார்த்துவிட்டு வந்ததால் திரும்ப எழுதுகிறேன்.

திகளர் பேட்டைக்குள் தர்மராயர் கோயிலிலிருந்து பௌர்ணமி இரவில் கரகம் புறப்படும். மல்லிகைப்பூ மூடிய கரகம், சுற்றிலும் கத்தி ஏந்திய வீரகுமாரர்கள், வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று போவது. பெங்களூரின் மிகப் பழைய திருவிழாக்களில் ஒன்று. அதை எடுப்பவர்கள் திகளர்கள். தமிழ் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் தோட்டக்காரச் சமூகம். பெங்களூருக்குக் காய்கறியும் கீரையும் பூவும் விளைவித்தவர்கள். அவர்கள் வீட்டில் இன்று பேசுவதில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்திருக்கும். பேட்டைக்காரர்களுக்கு அவர்கள் ஊர்க்காரர்கள், வேறு எப்படியும் யோசிப்பதே இல்லை.

டொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு, கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு என்று இந்த இழையில் படம் போட்டு “ஆகவே இந்த ஊர் எங்களுடையது” என்று வாதிட்டார்களே, அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பேகூர்க் கல்வெட்டு பழைய கன்னடத்தில் இருக்கிறது, ‘பெங்களூரு’ என்ற பெயரே அதில்தான் வருகிறது. கல்லைக் காட்டி ஊரைக் கேட்டால் இரண்டு பக்கமும் கல் இருக்கிறது. ஊரைக் கேட்க நான் இங்கே வரவில்லை. ஆயா கிண்டிய களி அவர் கொண்டுவந்தது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஏப்ரல் 20

அளவு கேட்டவர்களுக்கு: ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், நொய் போட்டால் இன்னும் அரைப் பங்கு. மாவைக் கொட்டியதும் கிண்டக் கூடாது, நடுக்குழியில் தண்ணீர் கொதித்து மேலே வரட்டும். வெந்ததா என்று பார்க்க ஈரக் கையால் தொடுங்கள், ஒட்டாமல் வந்தால் சரி.

குப்பம், பலமனேர், முல்பாகல், வேப்பனப்பள்ளி பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டில் களியில் நொய் போடுவார்களா, உங்கள் பாட்டி வீட்டில் போட்டார்களா, வீட்டில் பேசும் மொழி எது, பாட்டியின் ஊர் எது. மூன்று மாநிலக்காரர்களும் எழுதுங்கள். உப்புக்கண்டம் காயவைத்த வீடுகள் இருந்தால் அதையும் எழுதுங்கள், தயங்க வேண்டாம். எல்லாவற்றையும் ஊர் வாரியாகத் தொகுத்து இதே இடத்தில் போடுகிறேன்.